படைப்புக் கறியும் ஹோகன் ராஜாவும்

பார்வதியம்மாள் கேட்டது ஒரே ஒரு வாய்க் கறி. நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை. அந்த ஒரு வாய்க் கறியில்தான் மகள் பேராச்சியின் கல்யாணம் இரண்டு மாதம் சிக்கிக்கொண்டு கிடந்தது.

அறுபத்து நாலாம் வருஷம். செம்பூரிலிருந்து பார்வதியம்மாளின் அண்ணன் பொன்னையா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, தாராவிக்கு வந்து பெண் கேட்டார். மகன் வேதமுத்துவுக்கு மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை நிரந்தரமாகிவிட்டது. தங்கச்சி மகள் இருக்கும்போது வெளியில் எதற்குத் தேட வேண்டும் என்றார். பையன் நல்லவன், முறைப்பையன். பேராச்சிக்கும் பிடித்தம்தான் என்பது அவள் அன்று மட்டும் டீயில் இரண்டு தடவை சர்க்கரை போட்டதிலேயே தெரிந்துபோயிற்று.

பொன்னையா வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானவர். தெற்கத்திச் சனங்களில் இது அதிசயமில்லை. ஒரே சாதி, ஒரே ஊர், ஒரு வீட்டில் சாமி கும்பிடுவார்கள், அடுத்த வீட்டில் ஜெபம் பண்ணுவார்கள். இங்கிருந்து அங்கே பெண் போகும், அங்கிருந்து இங்கே வரும். போகிற பெண் போகிற வீட்டுச் சாமியோடு சேர்ந்துகொள்ள வேண்டியது. பொன்னையா மட்டும் வழக்கத்துக்கு மாறாக, மாமனார் பிடிவாதத்துக்காகப் பெண் வீட்டுப் பக்கம் போனவர். ஆகவே பேராச்சி ஞானஸ்நானம் எடுப்பாள், கோயிலில் மோதிரம் மாற்றுவாள் என்பதையெல்லாம் பார்வதியம்மாள் எதிர்க்கவில்லை. மழைக்காலம் வந்தால் கூரை ஒழுகும் என்று தெரிந்திருக்கிற மாதிரி அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

டீயைக் குடித்து முடிக்கட்டும் என்று இருந்துவிட்டுச் சொன்னாள்: “சித்திரை கடைசிச் செவ்வாக்கிழமை நம்ம அம்மன் கோயில் கொடை. மாப்பிள்ளை வரணும். இலையில உக்காரணும். பேராச்சியம்மனுக்குப் படைச்ச கறியில ஒரு வாய் திங்கணும். தின்னுட்டான்னா அன்னைக்கே தேதி வச்சுக்கிடுவோம்.”

பொன்னையா தம்ளரைக் கீழே வைத்தார். “இதென்ன தாயி, புதுசா இருக்கு?”

“புதுசு இல்லண்ணே. இருபத்திரண்டு வருசப் பழசு.”

அது என்னவென்று அவருக்கும் தெரியும். வேதத்தில் சேர்ந்த பிறகு வந்த முதல் கொடையில் அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, கறியை மட்டும் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு எழுந்தார். மறுவருஷம் பழமும் தின்னவில்லை. அதற்கடுத்த வருஷம் கொடைக்கே வரவில்லை. அப்புறம் கொடை இல்லாத நாட்களிலும் வரவு குறைந்துபோயிற்று. சண்டை என்று ஒன்றும் இல்லை. செம்பூர் என்ன சீமையா, ரயிலில் போனால் குர்லாவில் மாறி வந்துவிடலாம். ஆனால் வரவில்லை. அண்ணன் அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போனதைப் பார்த்தவளுக்கு, மகளும் அந்த வழியே போய்விடுவாள் என்ற பயம். மாப்பிள்ளை ஒரு வாய் தின்றுவிட்டால் மகள் என்றைக்கும் வந்து தின்பாள் என்று அவளே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

பொன்னையா நியாயம் பேசினார். வேதத்தில் இதற்கு முறை இருக்கிறதாம். கடையில் விற்கிற கறியை எங்கே அறுத்தது, யார் அறுத்தது என்று விசாரிக்காமல் வாங்கித் தின்னலாமாம். ஆனால் இது சாமிக்குப் படைத்தது என்று ஒருத்தர் வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் தின்னக்கூடாதாம். தங்கச்சி சொல்லாமலே இலையில் போட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

“சொல்லாமப் போட்டா அவன் திங்கது கறியை,” என்றாள் பார்வதியம்மாள். “சொல்லிப் போட்டாத்தான் என் வீட்டுச் சோத்தை.”

பொன்னையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பார்வதியம்மாளின் புருஷன் ஆறுமுகநயினார் தோல் கம்பெனியில் மேஸ்திரி. பச்சைத் தோலைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து, ஆடு எந்தப் பக்கத்து ஆடு, எத்தனை வயசு என்று சொல்லிவிடுவார். வீட்டில் இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மட்டும் என்ன ஏது என்று அவருக்குப் பிடிபடாது. அண்ணன் சொன்னதும் சரியாகப் பட்டது, தங்கச்சி சொன்னதும் சரியாகப் பட்டது. இரண்டு மாதம் போகிற போக்கில் சரியாகிவிடும் என்று இருந்தார். சரியாகவில்லை. சயான் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் பாட்டில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பேராச்சி வீட்டுக்கு வந்ததும் துணி துவைக்கப் போய்விடுகிறாள், துவைத்த துணியையே திரும்பத் துவைக்கிறாள் என்பது மட்டும் கண்ணில் பட்டது.

பக்கத்து அறையில் நாகூர் மீரான் இருந்தார். நார்வேக்காரன் சரக்குக் கப்பலில் சமையற்காரர். கப்பல் பழுது பார்க்கத் துறைமுகத்தில் ஏறியிருந்ததால் அந்த வருஷம் மூன்று மாதமாகக் கரையில் கிடந்தார். இரண்டு அறைக்கும் நடுவில் பலகைச் சுவர்தான்; இங்கே கடுகு வெடித்தால் அங்கே தும்மல் வரும். பேச்சு முழுவதையும் கேட்டிருந்தவர், கொடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம் வாசலில் வந்து உட்கார்ந்து, இது ரொம்பப் பழைய வழக்கு, ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு ராஜாவே இதில் மாட்டியிருக்கிறான் என்றார். எந்த ராஜா என்று ஆறுமுகநயினார் கேட்க, நார்வே ராஜா, எங்கள் கப்பல் பெரிய குக்கு சொன்ன கதை என்றார்.

“அந்த குக்கு பேரு தோர். ஞாயித்துக்கிழமை ஆனா ஜெபப் புஸ்தகமும் கையுமா இருப்பான். தோர்னா என்ன தெரியுமா தங்கச்சி? அவுங்க பாட்டன் முப்பாட்டன் கும்பிட்ட இடி சாமி பேரு.”

“வேதத்துல சேர்ந்த பிறகு பேரை மாத்தலையா?”

“மாத்தலையே. சாமியை விட்டுட்டாங்க, பேரை விடலை.”

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த பேராச்சி, சுளகைக் கீழே வைத்துவிட்டு நிலைப்படிக்கு வந்து நின்றாள்.

மீரான் பாய் சொன்ன கதை இது. அந்தக் காலத்து நார்வேயில் இடி சாமி, ஒற்றைக்கண் சாமி என்று பல சாமிகள். வருஷத்தில் இன்ன காலம் என்று கொடை உண்டு. குதிரையை அறுப்பார்கள். ரத்தத்தைச் சுவரிலும் ஆட்கள் மேலும் தெளிப்பார்கள். கறியை அண்டாவில் வேகவைத்து ஊரே கூடி உட்கார்ந்து தின்னும். ஹோகன் என்கிற ராஜகுமாரனைச் சிறு வயதிலேயே இங்கிலாந்து ராஜாவிடம் வளரவிட்டிருந்தார்கள். அங்கே அவன் வேதத்தில் சேர்ந்துகொண்டான். அப்பன் செத்த பிறகு ஊருக்கு வந்து ராஜாவானான். நல்ல ராஜா. நல்ல ராஜாவாக இருந்ததுதான் கோளாறு. கெட்டவனாக இருந்தால் ஒரே வெட்டில் முடித்திருப்பார்கள்.

அவன் குடியானவர்களையெல்லாம் கூட்டி, எல்லாரும் ஞானஸ்நானம் எடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதீர்கள், ஏழு நாளில் ஒருநாள் சாப்பிடாமல் விரதம் இருங்கள் என்றான். நிலம் வைத்திருந்தவர்கள், வேலை செய்யாவிட்டால் எப்போது உழுவது என்றார்கள். கூலிக்காரர்கள், சாப்பிடாவிட்டால் எப்படி வேலை செய்வது என்றார்கள். இந்த இடத்தில் ஆறுமுகநயினார் தொடையைத் தட்டிச் சிரித்தார். எங்கள் கம்பெனிக் கூலிக்காரனும் இதைத்தான் சொல்லுவான் என்றார்.

கடைசியில் குடியானவர்கள், நீ எங்கள் கொடைக்கு வந்து எங்களோடு தின்றால் ராஜா, இல்லாவிட்டால் வேறே ராஜா பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ராஜாவுக்கு சிகுர்ட் என்று ஒரு சிநேகிதன். பெரிய பிரபு, பழைய சாமி கும்பிடுகிறவன். இரண்டு பக்கமும் ஓடி ஓடிச் சமாதானம் பண்ணுகிறது அவன் வேலை. முதல் நாள் ராஜா கையில் மதுக் கொம்பைக் கொடுத்தார்கள். ராஜா அதன்மேல் சிலுவை போட்டுக் குடித்தான். இது என்ன சைகை என்று கூட்டத்தில் சத்தம் எழும்ப, சிகுர்ட் முந்திக்கொண்டு, அது சிலுவை இல்லை, நம்ம இடி சாமியின் சுத்தியல் அடையாளம் என்றான்.

“பொய் சொன்னானாக்கும்,” என்றாள் பார்வதியம்மாள்.

“சமாதானம் சொன்னான் தங்கச்சி.”

மறுநாள் குதிரைக்கறி வந்தது. தின்ன மாட்டேன் என்றான். சாறாவது குடி என்றார்கள், மாட்டேன் என்றான். கொழுப்பையாவது தொட்டுக்கொள் என்றார்கள், மாட்டேன் என்றான். அடிதடி ஆகிற நேரம். சிகுர்ட் உள்ளே புகுந்து, அண்டாவின் பிடியில் கறி ஆவி பட்டுப் பிசுக்குப் பிடித்திருக்கிறது, அதன்மேல் வாயைத் திறந்து காட்டு போதும் என்றான். ராஜா எழுந்து போய், பிடியில் ஒரு துணியைச் சுற்றி, அதற்கு மேலே வாயைத் திறந்தான். திறந்துவிட்டு வந்து ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டான்.

“அப்ப திங்கலை,” என்றாள் பார்வதியம்மாள்.

“திங்கலை. ஆனா வாயைத் திறந்துட்டான்ல.”

மீரான் பாய் அடுத்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆறுமுகநயினார் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். எங்கே என்று கேட்டதற்கு, செம்பூர் என்றார். ராஜாவுக்கு ஆகிற வழி ரயில்வே ஃபிட்டருக்கு ஆகாதா என்றார். அடுத்த ரயிலுக்குப் போயேவிட்டார்.

போன இடத்தில் பொன்னையா ரொம்ப நேரம் யோசித்தாராம். வாயைத் திறப்பது தின்றதாகாது என்று தனக்குத்தானே மூன்று தடவை சொல்லிப் பார்த்தாராம். பாதிரியாரிடம் கேட்கலாமா என்று யோசித்து, கேட்டால் கூடாது என்பார், கேட்க வேண்டாம் என்று முடிவு பண்ணினாராம். வேதமுத்து மட்டும், வாயைத் திறப்பதற்கு இத்தனை பேச்சா என்றானாம்.

பார்வதியம்மாளும் ஒத்துக்கொண்டாள். அவளுக்கும் ஒரு நியாயம் கிடைத்திருந்தது. “அம்மனும் ஆவியைத்தான எடுத்துக்கிடுதா? கறியை நாமதான திங்கோம். அப்ப ஆவி எடுத்தாலும் எடுத்ததுதான்.”

கொடையன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. அவர்கள் குடியிருந்த சாள் வரிசைக்குப் பின்னால் ஓடைக்கரையில் செங்கல் பீடம், அதற்குச் சாக்குப் பந்தல். ஊரில் என்றால் கிடாயை அம்மனுக்கு முன்னாலேயே வெட்டுவார்கள். பம்பாயில் முனிசிபாலிட்டி விடாது. அக்தர் பானுவின் கறிக்கடையில் சொல்லி வைத்து, அறுத்த கறியாக வாங்கி வந்து பந்தலில் ஆக்கினார்கள். உச்சி வேளையில் படைத்து, தீபாராதனை காட்டி, அண்டாவை இறக்கிப் பந்தல் நடுவில் வைத்தார்கள்.

வேதமுத்து வெள்ளை டெரிலின் சட்டையில் வந்திருந்தான். பொன்னையா பந்தலுக்குள் வரவில்லை, தெருக்குழாய்ப் பக்கமே நின்றுகொண்டார். ஆறுமுகநயினார் மாப்பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து அண்டாவுக்கு முன்னால் நிறுத்தினார். அவன் கைக்குட்டையை எடுத்து அண்டாவின் காதில் சுற்றினான். குனிந்தான். வாயைத் திறந்தான்.

கதையில் ராஜா வாயைத் திறந்ததைக் கேட்டபோது ஒருத்தருக்கும் சிரிப்பு வரவில்லை. நேரில் பார்த்தபோது வந்தது. ஆவி முகத்தில் அடித்து அவனுக்கு இருமல் எடுத்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்படியும் வாயை மூடலாமா கூடாதா என்று தெரியாமல் திறந்தபடியே நின்றான். “பாய்லர்ல லீக்கு பாக்கீரா மாப்ள?” என்று எவனோ கேட்க, பந்தலே சிரித்தது. கம்பெனி ஆட்கள் பல் டாக்டரிடம் போனவன் மாதிரி வாயைத் திறந்து காட்டினார்கள். வந்த சனத்தில் மூத்தவளான மீனாட்சியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. சாமி அண்டாவில் துணியைச் சுற்றினது என்ன மரியாதை, அம்மனைத் தொட்டால் தீட்டா, திங்கப் பிடிக்கவில்லை என்றால் வராமலே இருந்திருக்கலாமே என்று ஆரம்பித்தாள். அவளுக்கு நாலு பேர் ஆமாம் போட்டார்கள்.

குழாய்ப் பக்கத்திலிருந்து பொன்னையா தங்கச்சியைக் கூப்பிட்டார். முகம் கறுத்திருந்தது. “திங்காம இருந்து என்ன புண்ணியம்? பானைக்கு முன்னால குனிஞ்சுட்டான்லா. நான் பெத்த பிள்ளையை நானே குனிய வச்சுட்டேன்.” அதற்கு மேல் நிற்கவில்லை. சயான் ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டார்.

வேதமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்வதியம்மாளிடம் வந்தான். கைக்குட்டையில் பிசுக்கு, சட்டை முன்பக்கம் கரி. கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“போதுமா அத்தே?”

போதும் என்றால் பொய். போதாது என்று சொல்ல மனசு வரவில்லை. அவள் முந்தானை நுனியால் அவன் சட்டைக் கரியைத் துடைக்கப் போக, அவன், வாரேன் அத்தே என்று சொல்லிவிட்டு அப்பாவின் பின்னால் போனான்.

பந்தி முடிந்து சனம் கலைந்த பிறகு, மீரான் பாய் பந்தல் ஓரத்தில் கரண்டிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பார்வதியம்மாள் அவருக்கு எதிரே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“பாய், அந்த ராஜா வாயைத் திறந்த பிறகு என்ன ஆச்சு?”

“ரெண்டு பக்கமும் திருப்தி இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

“இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?”

“உங்க வீட்டுக்காரர் எங்கே சொல்ல விட்டார்? பாதியிலேயே சட்டையை மாட்டிக்கிட்டு ரயிலுக்குப் போயிட்டாரே.”

மிச்சத்தையும் சொல்லச் சொன்னாள். அடுத்த வருஷக் கொடையில் ராஜா இரண்டு மூன்று துண்டு குதிரை ஈரலைத் தின்றுவிட்டான். சிலுவை போடாமல் குடித்தான். அப்புறம் ஒரு சண்டையில் காயம் பட்டுச் செத்தான். பிழைத்தால் வேதக்காரர்கள் தேசத்துக்குப் போய்ப் பாவமன்னிப்புத் தேடுவேன், செத்தால் உங்களுக்குத் தோன்றுகிற மாதிரி என்னைப் புதைத்துக்கொள்ளுங்கள் என்றானாம். பழைய முறையிலேயே புதைத்தார்கள். சிநேகிதனும் அழுதான், எதிரியும் அழுதான். அவனுக்குப் பிறகு வந்த ராஜாக்கள் இரண்டு பேர் வாளோடு வந்து, ஞானஸ்நானமா தலையா என்று கேட்டார்கள். தேசம் முழுக்க வேதத்தில் சேர்ந்துவிட்டது.

“வாயைத் திறந்தவன் அந்தமட்டும் தேவலை,” என்றாள் பார்வதியம்மாள்.

மீரான் பாய் ஒரு கரண்டியைத் தண்ணீரில் அலசினார். “எனக்கும்தான் படைச்சது ஆகாது. நான் கரையில இருக்கிற வருசமெல்லாம் படைக்கிறதுக்கு முந்தியே எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைக்கிறீங்க. உங்க வீட்டுச் சோத்தைத் தின்னலைன்னு என்னைக்காவது நினைச்சிருக்கீங்களா தங்கச்சி?”

“நீங்க பக்கத்து வீடு பாய். அவ என் வயித்துல கிடந்தவ.”

அவர் அடுத்த கரண்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

அறைக்குள் பேராச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் இலை. அம்மன் பேரைக்கொண்டவள் என்று ஒவ்வொரு கொடையிலும் வீட்டில் முதல் பிடி அவளுக்குத்தான். அன்று சோறு ஆறிக் கட்டியாகியிருந்தது, கறியில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. ஏன் திங்கவில்லை என்று கேட்டாள் அம்மா.

“நீ என்கிட்ட கேக்கவே இல்லையேம்மா.”

“என்னத்தைக் கேக்கலை?”

“அத்தான் திம்பாரா, அத்தான் திம்பாரான்னு ரெண்டு மாசமாக் கேக்க. கட்டிக்கிட்டுப் போன பிறகு நான் திம்பேனான்னு கேட்டியா?”

பார்வதியம்மாள் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள். கேட்க வேண்டிய ஆள் யார் என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். மகளிடம் கேட்டால் மகள் பதில் சொல்லிவிடுவாளே என்றுதான், அண்ணன் மகன் தலையில் அந்தக் கேள்வியைக் கட்டி, ஊர் பார்க்க அவனைக் குனிய வைத்தாள்.

“சரி, இப்பக் கேக்கேன். திம்பியா?”

பேராச்சி இலையின் ஓரத்தை மடித்தாள், நிமிர்த்தினாள்.

“மாட்டேன்னுதான் நினைக்கேன். போறதுன்னா முழுசாப் போகணும்மா. அவர் இன்னைக்கு நின்ன மாதிரி என்னால வருசா வருசம் வந்து நிக்க முடியாது. உனக்காக நிப்பேன். ஆனா நின்னுட்டு உன்னை வெறுத்துருவேன்.”

வெளியே யாரோ பந்தல் கம்பைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. பார்வதியம்மாள் மடித் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னைக்கு?”

“இன்னைக்குத் திம்பேன். இன்னைக்கு நான் இங்கதான இருக்கேன்.”

பார்வதியம்மாள் ஆறின சோற்றை எடுத்துவிட்டுச் சூடாகப் போட்டாள். எலும்பில்லாத துண்டாகப் பொறுக்கி வைத்தாள். மகள் தின்று முடிக்கிறவரை பக்கத்திலேயே இருந்தாள். இரண்டாம் தடவை சோறு கேட்டபோது இரண்டாம் தடவையும் போட்டாள்.

ஆறுமுகநயினார் அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது, நாளைக்குக் காலையில் வேலைக்குப் போகிற வழியில் செம்பூருக்குப் போய்த் தேதி கேட்டு வரும்படி சொன்னாள். செம்பூர் வேலைக்குப் போகிற வழியில் இல்லை, ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. கறி விஷயம் என்ன ஆயிற்று, மச்சான் கேட்டால் என்ன சொல்லட்டும் என்று மட்டும் கேட்டார்.

“அந்தப் பேச்சே இனி இல்லைன்னு சொல்லுங்க. பொண்ணு முழுசா வாராளாம்னு சொல்லுங்க. மாப்பிள்ளைகிட்ட, அத்தை செஞ்சது தப்புன்னு சொன்னாள்னும் சொல்லுங்க.”

அவர் அண்டாவை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். பேராச்சி இலையை மடித்து எடுத்தாள்.

“ஏட்டி,” என்றாள் பார்வதியம்மாள். “வருசா வருசம் கொடைக்கு மறுநாள் வரணும். புதன்கிழமை. அவனையும் கூட்டிக்கிட்டு வரணும். எந்தச் சாமிக்கும் படைக்காத குழம்பா வைக்கேன்.”

“மீன் குழம்பா?”

“ஏன், அதுக்கும் உங்க கோயில்ல ஏதாவது சொல்லுவாங்களா?”

“சொல்ல மாட்டாங்க.”

“அப்ப மீன்தான். காலையிலேயே வந்துரு, கழுவித் தர ஆள் வேணும்.”

பேராச்சி வரேன் என்றாள். இலையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, எச்சில் பட்ட இடத்தைத் துடைக்க உட்கார்ந்தாள்.